காலி செய்துவிட்டுப் போனவரிடம் பழுதுச் செலவை வாங்க எந்த வழி? பெங்களூரு ஓனர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஹால் நடுவில் ஒரு ஜமுக்காளம் விரிக்கும் அளவுக்குச் சிவப்பு உரிந்துபோய் அடியிலிருந்த சாம்பல் நிற சிமெண்டு தெரிந்தது. அல்சூரில் என் மாமனார் கட்டிய வீடு. மாடிப் போர்ஷனில் ரெட் ஆக்சைடு தரை. பொங்கலுக்கு முந்தின நாள் மாமியார் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுக்கொண்டு முட்டிபோட்டு அதைத் தேய்ப்பார். குடியிருந்த தம்பி, குழந்தை விழுந்தால் அடிபடக் கூடாதென்று மெத்தென்ற வினைல் ஷீட்டைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். காலி செய்யும்போது அதை இழுத்து உரித்ததில் தரையின் மேல்தோலும் கூடவே வந்துவிட்டது. மிச்சமிருந்த பசை, நடக்க நடக்கச் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது.

அந்த நேரம் அட்வான்ஸ் என் கையில் இல்லை. வேலூரில் அண்ணன் மகள் கல்யாணத்தில் இருந்தபோது, "அக்கா, சாவியைக் கீழ்வீட்டுல கொடுத்துட்டோம், புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும்" என்று போன் வந்தது. ஒப்பந்தத்தில் எழுதியபடி பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 24,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, 1,50,000-இல் மீதி 1,26,000 ரூபாயைக் கல்யாண மண்டபத்தில் நின்றபடியே அனுப்பிவிட்டேன். வீட்டைப் பார்த்தது இரண்டு நாள் கழித்து.

அதன் பிறகு சில மாதங்கள் வக்கீல், சட்டப்பணிகள் ஆணைக்குழு (இலவசச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பு) என்று அலைந்தேன். இதே நிலையில் நிற்கும் ஓனர்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது, எது எந்தத் தொகைக்குப் பொருந்தும் என்பதை அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதிலிருந்து எழுதுகிறேன். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வழியைத் தேடுவதற்கு முன்னால் தொகையைச் சலிக்க வேண்டும். நியாயமான தொகையோடு போனால் சின்ன வழியே போதும். கோபத்தில் போட்ட தொகையோடு போனால் பெரிய வழியிலும் அது நிற்காது.

முதலில் கணக்கு

கோபத்தோடு உட்கார்ந்து நான் போட்ட முதல் பட்டியல் இது. ஹால் தரை முழுவதும் 46,000. சமையலறை கிரானைட் விரிசலும் சிங்க் அடியில் ஊறிப்போன பிளைவுட் அலமாரியும் சேர்த்து 31,000. வீடு முழுக்க பெயிண்ட் 28,000. உப்புப் படிந்த குழாய்கள், ஷவர் மாற்ற 6,500. அடிப்பக்கம் உளுத்த பாத்ரூம் கதவு 5,500. மொத்தம் 1,17,000.

வக்கீலம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தார். பெயிண்டுக்குத்தான் ஏற்கெனவே ஒரு மாத வாடகை கழித்தாயிற்று, இரண்டாவது முறை எப்படிக் கேட்பீர்கள் என்றார். குழாயில் உப்பு படிந்தது போர்வெல் தண்ணீரால். இந்த ஊரில் காவிரித் தண்ணீர் போதாமல் போர்வெல்லை நம்பியிருக்கும் எந்த வீட்டிலும் யார் குடியிருந்தாலும் அது படியும். கதவுக்கு வயது பன்னிரண்டு. அலமாரிக்கு ஒன்பது. அதோடு, "அக்கா, சிங்க் கீழே ஒழுகுது" என்று அந்தத் தம்பி மூன்று முறை மெசேஜ் போட்டிருந்தார். பிளம்பரை அனுப்புவதை நான் தள்ளிப்போட்டேன். அது என் தவறு, அவர் தலையில் கட்டக் கூடாது.

கடைசியில் நின்றது இரண்டே இனம். உரிந்த பகுதியை மட்டும் மறுபடி போட மேஸ்திரி சொன்ன 38,000, கிரானைட் விரிசலுக்கு 9,000. ஆக 47,000. (இந்த ரெட் ஆக்சைடு வேலைக்குக் கைப்பக்குவம் உள்ள ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. மூன்று மேஸ்திரிகள் வந்து பார்த்து, "டைல்ஸ் போட்டுடலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள்தான் ஒப்புக்கொண்டார்.)

வக்கீலம்மா பென்சில் பிடித்தது தன் மனம் போன போக்கில் இல்லை. கர்நாடக வாடகைச் சட்டம், 1999 பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்குப் பொருந்தாது. அதாவது இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்குப் பொருந்தாது. நமக்குச் சொத்து மாற்றுச் சட்டம், 1882-தான். அதன் 108-ஆம் பிரிவின் (எம்) உட்பிரிவு, வீட்டை வாங்கிக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டியது குடியிருப்பவர் கடமை என்கிறது. நியாயமான தேய்மானமும், மனிதரால் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் மட்டும் விலக்கு. ஆணி அடித்த துளை, வெயிலில் மங்கிய சுவர், மழைக்கால ஓதம் எல்லாம் தேய்மானக் கணக்கு. உரித்தெடுத்த தரை தேய்மானம் ஆகாது. ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு வழி இருந்தும் சும்மா இருந்தீர்களா என்பதையும் பார்த்துத்தான் இழப்பீடு. என் சிங்க் அங்கேதான் அடிபட்டது. "எது உடைந்தாலும் 50,000 அபராதம்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் அடுத்துள்ள 74-ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமானது மட்டுமே கிடைக்கும்.

அட்வான்ஸில் கழிப்பது

பணம் இன்னும் உங்களிடம் இருந்தால் வேறு எந்த வழியும் இதற்கு ஈடில்லை. பத்து மாத அட்வான்ஸ் என்பது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. மாநிலங்களுக்கு முன்மாதிரியாக 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'மாதிரி வாடகைச் சட்டம்' வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சம் என்கிறது. லீசுக்கு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் போக்கியத்துக்கு விட்டவர்களிடம் லட்சக்கணக்கில் பணம் இருக்கும்.

கையில் பணம் இருப்பதே பலம், அதுவே ஆபத்தும். பெங்களூரில் ஓனர்கள் மேல் குடியிருப்பவர்களுக்குள்ள முதல் மனக்குறை அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது. அந்தப் பேரை நாம்தான் சம்பாதித்துக்கொண்டோம். கணக்குக் காட்டாமல் கழித்தால், அவர்கள் நம் மேல் வழக்குப் போட்டு வட்டியோடு கேட்கலாம். அதனால் கழிப்பதற்கு ஒரு முறை வேண்டும். அவர்கள் சாமானை வெளியே எடுத்த அன்றே, வீடு காலியாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து சுற்றிவர வேண்டும். குழாய்களைத் திறந்து பார்த்து, கீசரைப் போட்டு, சிங்க் அடியில் டார்ச் அடித்து, பெஸ்காம் கரண்ட் பில்லையும் தண்ணீர் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் இனம், தொகை, காரணம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "இதற்குமேல் எங்களுக்குள் பாக்கி இல்லை" என்ற ஒரு வரி இரண்டு பக்கத்துக்கும் காப்பு.

தகராறு இல்லாத பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். 47,000-க்குத்தான் சண்டை என்றால் ஒன்றரை லட்சத்தையும் பிடித்து வைப்பது தப்பு. அவர்களும் வேறொரு ஓனரிடம் அட்வான்ஸ் கட்டியாக வேண்டும்.

அவர்களையே சரிசெய்யச் சொல்வது

காலி செய்வதாகச் சொன்ன நாளுக்கும் காலி செய்யும் நாளுக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கும். அந்த மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்து, "இந்தக் கண்ணாடியை மாத்திடுங்க, இந்த சுவிட்ச் போர்டைச் சரி பண்ணிடுங்க" என்று சொல்வது சின்னப் பழுதுகளுக்கு நல்லது. பேரம் வராது, மனக்கசப்பும் வராது. தரை, பிளம்பிங், வாட்டர்ப்ரூஃபிங் போன்றவற்றுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கிடைத்த ஆளை வைத்து மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போவார்கள், ஆறு மாதத்தில் நாம் மறுபடி உடைக்க வேண்டும்.

பணம் போன பிறகு: பேச்சு, நோட்டீஸ்

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பிறகுதான் பழுது தெரிந்தது என்றால் முதல் வேலை போட்டோ, வீடியோ. இரண்டாவது, இரண்டு பேரிடம் எழுத்தில் கொட்டேஷன். மூன்றாவது, திட்டாமல் ஒரு மெசேஜ். நான் போட்டோவோடு அனுப்பினேன். "அக்கா, பசை போட்டது நாங்கதான், சாரி. பார்த்துப் பண்ணிடலாம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி பிறகு எனக்குக் கொடுத்த பலத்துக்கு அளவில்லை. அன்றைக்கு நான் கத்தியிருந்தால் அந்த வரி வந்திருக்காது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வாட்ஸ்அப் சாட்சியம் ஆகுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் சொன்ன சான்றிதழை இணைக்க வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் இருப்பதும், போனை மாற்றும்போது அதைக் காப்பாற்றுவதும்தான்.

வக்கீல் நோட்டீஸ் என்பது செலவு குறைந்த படி. வேலைக்காக வந்தவர்கள் ஊர் மாறிவிடுவார்கள், அதனால் ஒப்பந்தத்தில் உள்ள சொந்த ஊர் விலாசத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். நோட்டீஸ் போனதும் சிலர் உடனே பேச வருவார்கள். சிலர் அசைய மாட்டார்கள். அசையாதவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருப்பது வீண்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மெயில் போடுவது, அபார்ட்மெண்ட் குரூப்பில் அவர் படத்தைப் போட்டு "ஏமாற்றுக்காரன்" என்று எழுதுவது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு நம் மேல் வழக்கு வரும். அதைவிட முக்கியம், சிவப்புத் தரைக்காக ஒருவர் வேலையில் கைவைப்பது நியாயமில்லை.

லோக் அதாலத்தா, கோர்ட்டா?

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசமாகத் தீர்த்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். கர்நாடக மாநில ஆணைக்குழு எச். சித்தய்யா சாலையில், நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டு தீர்வு எழுதினால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. வீடு என் பெயரில் இருக்கிறது, எனக்கு அது பொருந்தியது. உங்கள் வீட்டில் பத்திரம் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இதன் பலவீனம் ஒன்றுதான், எதிர்த்தரப்பு வர வேண்டும். வராவிட்டால், வந்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால், வெறும் கையோடு திரும்ப வேண்டும். எதையும் திணிக்க அங்கே அதிகாரம் இல்லை.

கோர்ட்டில் அந்த அதிகாரம் உண்டு, விலையும் உண்டு. சிறிய தொகைக்கு ஸ்மால் காசஸ் கோர்ட், மேலே போனால் சிட்டி சிவில் கோர்ட். அல்சூர்க்காரர்களுக்கு மேயோ ஹால் கோர்ட் வளாகம் நடக்கிற தூரம். கோர்ட் கட்டணம் கேட்கும் தொகைக்கு ஏற்ப ஏறும். சுருக்க விசாரணையில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது ஆர்டர், கடனைப் போல, தொகை முன்பே நிச்சயமான வழக்குகளுக்கு. பழுதுச் செலவு எவ்வளவு என்பதை விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேஸ்திரி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும், ரசீதுகள் குறியிடப்பட வேண்டும். வருடக்கணக்கு. போதிய முத்திரைத்தாள் இல்லாமல் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு இன்னொரு அடி விழும். கர்நாடக முத்திரைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி குறைந்த தீர்வையோடு பத்து மடங்கு அபராதமும் கட்டாமல் அந்தத் தாள் சாட்சியத்தில் ஏறாது.

ஜெயித்த பிறகும் வேலை முடியவில்லை. தீர்ப்பாணையை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அவர் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விட்டாலும் வழக்கை இங்கேயே போடலாம், ஏனென்றால் வீடும் பழுதும் இங்கே. ஆணையை அங்கே மாற்றி வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்தை ஜப்தி செய்தால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. மிஞ்சிய ஒரு பங்கில்தான் வரும். மாதச் சம்பளக்காரரிடம் இது நடக்கும். நிலையான வேலையோ சொத்தோ இல்லாதவரிடம் தீர்ப்பாணை வெறும் காகிதம்.

47,000-க்கு நான் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டேன். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று போனால், உதாரணமாக பாத்ரூமை இடித்து மாற்றியதில் கீழ்த்தளக் கூரையில் நீர் இறங்கிவிட்டது, பொறியாளர் அறிக்கையும் முன்னும் பின்னும் எடுத்த படங்களும் இருக்கின்றன என்றால், கோர்ட் சரி. படமே இல்லாமல் மூன்று லட்சம் கேட்பவரைவிட, படத்தோடு முப்பதாயிரம் கேட்பவர் நிலை மேல்.

போலீஸ், இன்சூரன்ஸ்

ஸ்டேஷனுக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் அது சரியும்கூட. வேண்டுமென்றே நாசம் செய்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு இருக்கிறது. சண்டைக்குப் பிறகு வயரிங்கை அறுத்துவிட்டுப் போனார், ஃபிட்டிங்குகளைக் கழற்றிக்கொண்டு போனார் என்றால் புகார் கொடுங்கள். கவனக்குறைவுக்கு அது பொருந்தாது. அதோடு, புகார் உங்கள் செலவை வாங்கித் தராது.

வீட்டு இன்சூரன்ஸ் தீ, தண்ணீர்த்தொட்டி வெடிப்பு மாதிரியானவற்றுக்கு. பசைக்கு இல்லை. வரியிலும் ஆறுதல் இல்லை. வாடகை வருமானத்தில் நூற்றுக்கு 30 கழிவு எப்படியும் உண்டு, பழுதுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அதற்கு மேல் கிடையாது.

என் விஷயம் முடிந்த விதம்

முதல் அழைப்புக்கு அவர் வரவில்லை. இரண்டாவதுக்கு மனைவியோடு வந்தார். உட்கார்ந்ததும், "அக்கா, சிங்க் ஒழுகுதுன்னு மூணு தடவை மெசேஜ் போட்டேன்ல?" என்று போனை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். அதை நான் கேட்கவே இல்லை, பட்டியலில் பாருங்கள் என்று தாளை நீட்டினேன். அவர் வாசித்தார், மனைவியிடம் கொடுத்தார், அந்தப் பெண்ணும் வாசித்தாள். "பெயிண்டும் இல்லையே" என்றாள் மெதுவாக. அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் குரலை உயர்த்தவில்லை.

தரை 38,000-ஐ ஒத்துக்கொண்டார். கிரானைட்டில் வரும்போதே கீறல் இருந்தது என்றார். குடிவந்தபோது எடுத்த படம் என்னிடம் இல்லை, 9,000-ஐ 2,000 ஆக்கினோம். மொத்தம் 40,000. கையில் பணம் இல்லை என்றதால் தலா 20,000-க்கு இரண்டு காசோலை, ஒரு மாத இடைவெளியில். காசோலை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பவுன்ஸ் ஆனால் வங்கி தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் புகார். எனக்கு அது தேவைப்படவில்லை, இரண்டும் பாஸாகிவிட்டன.

உங்கள் விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு தேதியை மறக்காதீர்கள். ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்க, வரம்புச் சட்டம், 1963 கொடுப்பது மூன்று ஆண்டு. வாடகை பாக்கிக்கும் அதேதான். "பார்த்துப் பண்ணிடலாம்" என்ற பேச்சிலேயே அது ஓடிவிடும்.

மேஸ்திரி போட்ட சிவப்பு பழைய சிவப்போடு இன்னும் சேரவில்லை, ஓரத்தில் கோடு தெரிகிறது. இரண்டு மூன்று வருடம் எண்ணெய் தேய்த்தால் சேரும் என்கிறார். இப்போது வந்திருக்கும் குடும்பத்திலும் ஒரு கைக்குழந்தை. குடிவந்த அன்றே அவர்களோடு சுற்றிவந்து, குழாயில் படிந்த உப்பு, கிரானைட் விரிசல், தரையிலுள்ள அந்தக் கோடு முதற்கொண்டு படமெடுத்து எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். குழந்தை தவழ்வதற்குப் பவானி ஜமுக்காளம் ஒன்று நானே வாங்கிக் கொடுத்தேன்.